எலும்பு, குருத்தெலும்புச் சீரமைப்பில் உயிரணு மருத்துவம்: இயல்வதும் இயலாததும்

ஆய்வுச் சுருக்கம்

முறிந்தும் சேராத எலும்பையும் சேதமுற்ற மூட்டுக் குருத்தெலும்பையும் உயிரணுக்களைக் கொண்டு சீரமைக்கும் மருத்துவம், இந்தியாவில் ஆய்வுக்கூடத்தைக் கடந்து உரிமம் பெற்ற மருந்து என்னும் நிலையை எட்டியுள்ளது. எனினும், எந்தச் சேதத்திற்கு எந்த உயிரணு எவ்வகையில் உதவும் என்பதை விளக்கும் தமிழ் எழுத்துகள் குறைவு. இக்கட்டுரை அவ்விளக்கத்தை அளிக்க முற்படுகிறது. எல்லை தெளிவாக உள்ள குருத்தெலும்புப் பள்ளமும் மூட்டு முழுவதும் பரவிய தேய்வும் வெவ்வேறு நோய்நிலைகள்; முன்னதில் உயிரணு புதுத் திசுவைக் கட்டுவதற்காக இடப்படுகிறது; பின்னதில் அது வலியையும் அழற்சியையும் தணிக்கவே பெரிதும் பயன்படுகிறது என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: குருத்தெலும்பு, எலும்பாக்கணு, மூல உயிரணு, முழங்கால் தேய்வு, உயிரணு வளர்ப்பு, மருந்து உரிமம்.

முன்னுரை

காரைக்கால் மாவட்டத்தைச் சேர்ந்த குரும்பகரம், காவிரிக் கடைமடைச் சிற்றூர்களுள் ஒன்று. நாற்றுப் பறித்தல், நடவு, களையெடுப்பு ஆகிய யாவும் குனிந்தும் குந்தியும் செய்யும் வேலைகள். இவற்றில் நாற்பது ஆண்டுகள் உழைத்த பெண்களிடம் முழங்கால் வலி உண்டா எனக் கேட்க வேண்டியதில்லை. திண்ணையிலிருந்து அவர்கள் எழும் முறையே அதனைச் சொல்லிவிடும்.

அவ்வூரில் வாழும் என் பெரியம்மா, சென்ற ஆண்டு ஒரு துண்டறிக்கையை என்னிடம் காட்டினார். பெருநகரத் தனியார் சிகிச்சையகம் ஒன்றின் அறிக்கை அது. "ஒரே ஊசியில ஜவ்வு புதுசா வளந்துடுமாமே தம்பி, நீ படிக்கிற படிப்புதானே இது, மெய்தானா?" என்று கேட்டார். அச்சிகிச்சைக்குக் கேட்கப்பட்ட தொகை, அவர் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தால் கிடைக்கும் தொகையை விட அதிகம். உயிரணு வளர்ப்பை முனைவர் பட்டப் பொருளாகக் கொண்டவன் என்ற நிலையிலும் அவ்வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் என்னால் விடை கூற இயலவில்லை. 'மெய்' என்றாலும் பிழை. 'பொய்' என்றாலும் பிழை. அவ்வினாவுக்குரிய முழு விடையே இக்கட்டுரையாக விரிகிறது.

சொல்லாட்சி குறித்த தெளிவு

இத்துறையில் குழப்பம் சொல்லிலிருந்தே தொடங்குகிறது. மக்கள் வழக்கில் 'ஜவ்வு' என்னும் சொல் மூன்று உறுப்புகளைக் குறிக்கிறது. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு ஒன்று. முழங்காலின் இரு எலும்புகளுக்கும் இடையே பிறை வடிவில் அமைந்த மெத்தை போன்ற வட்டு மற்றொன்று. எலும்பை எலும்புடன் பிணைக்கும் பிணைநார் வேறொன்று. 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்பதும் 'ஜவ்வு தேய்ந்துவிட்டது' என்பதும் வெவ்வேறு நோய்கள். அவற்றுக்கான மருத்துவமும் வேறு.

கற்றோர் வழக்கிலும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு. ஸ்டெம் செல் என்பதற்குக் 'குருத்தணு' என்னும் கலைச்சொல் பரவலாக வழங்குகிறது. குருத்தெலும்பில் உள்ள உயிரணுவோ 'குருத்தெலும்பணு'. ஒலி ஒற்றுமையால் இரண்டும் ஒன்றே எனக் கொள்ள நேர்கிறது. குருத்தெலும்பணு என்பது தன் பணியை ஏற்று முதிர்ந்துவிட்ட உயிரணு. ஸ்டெம் செல்லோ எலும்பாகவோ குருத்தெலும்பாகவோ கொழுப்பாகவோ மாறும் திறனைத் தக்கவைத்திருக்கும் முதிராத உயிரணு. இக்கட்டுரையில் ஸ்டெம் செல் 'மூல உயிரணு' என்றும், எலும்பைக் கட்டும் முதிர்ந்த உயிரணு 'எலும்பாக்கணு' என்றும் குறிக்கப்படுகின்றன.

எலும்பும் குருத்தெலும்பும்: ஆறும் இயல்பில் வேற்றுமை

எலும்பு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் திசு. முறிவு நேர்ந்ததும் அவ்விடத்தில் குருதி உறைகிறது. அவ்வுறைவைச் சூழ்ந்து மென்மையான குருத்தெலும்புப் பாலம் உருவாகிறது. பின்னர் அதில் சுண்ணச்சத்துப் படிந்து வன்பாலமாகிறது; மாதங்கள் செல்லச் செல்ல அது செதுக்கப்பட்டு முன்னைய வடிவை அடைகிறது. இவ்வாறு ஆறிய எலும்பில் தழும்பு எஞ்சுவதில்லை. குருதியோட்டம், அசையாமை, உயிருள்ள உயிரணுக்கள், அவற்றைத் தூண்டும் புரதங்கள் ஆகியன ஒருங்கே அமையும்போதே இது நிகழும். 1965இல் அமெரிக்க அறுவை மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், சுண்ணச்சத்து நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தபோது அங்கே புதிய எலும்பு உருவாவதைக் காட்டினார். எலும்பாக்கத்தைத் தூண்டும் புரதங்கள் பற்றிய ஆய்வு அதிலிருந்து கிளைத்தது.

மூட்டுக் குருத்தெலும்பு இதற்கு நேர்மாறானது. அதில் குருதிக் குழாய் இல்லை, நரம்பு இல்லை, நிணநீர்க் குழாயும் இல்லை. அதன் எடையில் பெரும்பகுதி நீர். உயிரணுக்களின் பங்கு மிகச் சிறியது. மூட்டு அசையும்போது மூட்டுநீரிலிருந்து ஊறிவரும் சத்தே அவற்றுக்கு உணவு. ஆதலால் அதில் ஒரு பள்ளம் விழுந்தால், அதனை ஆற்றக் குருதி வருவதில்லை. அருகிலுள்ள உயிரணுக்களும் தம் இடம்விட்டு நகர்ந்து வருவதில்லை. குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீள்வதில்லை என்பதை வில்லியம் ஹண்டர் 1743ஆம் ஆண்டிலேயே இலண்டன் அரச கழகத்தின் இதழில் பதிவு செய்துள்ளார். நரம்பின்மையால் தொடக்கச் சேதம் வலிப்பதும் இல்லை. வலி தோன்றும்போது நோய் பெரும்பாலும் அடியிலுள்ள எலும்பையும் மூட்டு உறையையும் எட்டியிருக்கும்.

எலும்பு தானே ஆறும். சில சூழல்களில் மட்டும் தவறும். குருத்தெலும்பு தானே ஆறாது. இவ்வேறுபாட்டால், எலும்பில் உயிரணு மருத்துவம் தடைப்பட்ட இயற்கையை மீண்டும் தொடங்கிவைக்கிறது. குருத்தெலும்பிலோ இயற்கை செய்யாத ஒன்றைச் செய்ய முனைகிறது.

குருத்தெலும்புப் பள்ளத்தில் உயிரணு நடவு

சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் 1987இல் தொடங்கிய முயற்சியே இவ்வகை மருத்துவத்தின் முதற்படி. மாட்ஸ் பிரிட்பெர்க், லார்ஸ் பீட்டர்சன் முதலியோர் 1994இல் வெளியிட்ட அறிக்கையில் 23 நோயாளிகளின் விளைவுகள் இடம்பெற்றன. முழங்காலில் சுமை தாங்காத ஓரிடத்திலிருந்து சிறு துணுக்குக் குருத்தெலும்பு எடுக்கப்பட்டது. அதிலிருந்து பிரித்த உயிரணுக்கள் ஆய்வுக்கூடத்தில் சில வாரங்கள் வளர்த்துப் பெருக்கப்பட்டன. பின்னர் பள்ளத்தின்மேல் எலும்புறைத் துண்டு ஒன்றைத் தைத்து, அதனடியில் அவ்வுயிரணுக்கள் செலுத்தப்பட்டன.

டெல்டாப் பகுதி மக்களுக்கு இம்முறையை விளக்குவது எளிது. நாற்றங்காலில் விதைத்துப் பெருக்கி, பறித்து, வரப்பு கட்டிய வயலில் நடும் முறையே இது. அவ்வொப்புமை இதன் வரம்பையும் காட்டிவிடுகிறது. வரப்பு உடைந்த வயலில் நீர் நிற்காது. பள்ளத்தைச் சுற்றி நலமான குருத்தெலும்புக் கரை இல்லையெனில் உயிரணுக்களும் நிற்கமாட்டா. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் உப்பேறிய கடலோர வயல்களில் நல்ல நாற்றும் கருகிற்று. மண்ணைத் திருத்திய பின்னரே நடவு பலித்தது. அதுபோல், அழற்சி மிகுந்த மூட்டில் நல்ல உயிரணுவும் தழைப்பதில்லை.

அந்த 23 பேரின் விளைவே இடத்திற்கு இடம் வேறுபட்டது. தொடையெலும்பு முனையில் நடவு பெற்ற 16 பேரில் 14 பேர் இரண்டாண்டுகளுக்குப் பின் நல்ல பயன் கண்டனர். முழங்கால் சில்லில் நடவு பெற்ற 7 பேரில் இருவரே அத்தகைய பயன் பெற்றனர். நார்வேயில் 80 நோயாளிகளிடம் நடத்தி 2004இல் வெளியிடப்பட்ட ஒப்பீட்டாய்வு, இம்முறையை நுண்துளை முறையுடன் ஒப்பிட்டது. நுண்துளை முறை என்பது அடியெலும்பில் சிறு துளைகளிட்டு மச்சைக் குருதியைக் கசியவிடும் எளிய அறுவை. இரண்டாண்டு முடிவில் புதுத் திசுவின் தோற்றத்திலும் தரத்திலும் இரு முறைகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இதற்கான காரணங்களுள் ஒன்று உயிரணு வளர்ப்பின் இயல்பிலேயே உள்ளது. தட்டையான கலத்தின் அடியில் ஒட்டி வளரும் குருத்தெலும்பணு, பெருகப் பெருகத் தன் உருண்டை வடிவை இழந்து நீள்கிறது. இரண்டாம் வகைக் கொலாஜனைச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டு, தழும்பிற்குரிய முதல் வகைக் கொலாஜனைச் சுரக்கத் தொடங்குகிறது. எண்ணிக்கை கூடும்போது அடையாளம் தேய்கிறது. அவ்வாறு மாறிய உயிரணுக்களை முப்பரிமாணக் கூழில் இட்டால் இழந்த இயல்பு மீள்வதை 1982இலேயே பென்யா, ஷாஃபர் ஆகியோர் காட்டினர். இன்றைய முறைகளில் உயிரணுக்களைக் கொலாஜன் படலத்திலோ கூழிலோ ஏற்றி நடுவதற்கு, அவற்றை ஓரிடத்தில் நிறுத்துவதுடன் இதுவும் ஒரு காரணமாகும்.

அமெரிக்காவில் இவ்வகை மருந்து 1997இலும், படலத்தில் ஏற்றிய வடிவம் 2016இலும் ஒப்புதல் பெற்றன. இந்தியாவில் நோயாளியின் சொந்தக் குருத்தெலும்பணுக்களால் ஆன மருந்துக்கு 2017இல் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலர் ஒப்புதல் அளித்தார்.

சேராத எலும்பும் குருதியிழந்த எலும்பும்

எலும்பு மச்சையில் எலும்பை உருவாக்கவல்ல உயிரணுக்கள் உள்ளன என்பதை 1960களிலும் 1970களிலும் மாஸ்கோவின் அலெக்சாண்டர் ஃபிரீடன்ஸ்டைன் நிறுவினார். 1991இல் ஆர்னால்டு கேப்லன் இவற்றுக்கு 'மீசன்கைம் மூல உயிரணு' என்னும் பெயரைப் பரப்பினார். மச்சையில் இவற்றின் அளவு மிகக் குறைவு. உட்கருவுடைய உயிரணுக்களில் பத்தாயிரத்தில் ஒன்று முதல் இலட்சத்தில் ஒன்று வரையே கிட்டும். எனவே ஒன்று செறிவூட்ட வேண்டும், அல்லது வளர்த்துப் பெருக்க வேண்டும்.

பிரான்சின் பிலிப் எர்னிகூ குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு செறிவூட்டலுக்குச் சான்று. கணைக்கால் எலும்பு முறிந்து சேராத, கிருமித் தொற்று இல்லாத 60 நோயாளிகளுக்கு, அவரவர் இடுப்பெலும்பு மச்சையைச் செறிவூட்டி முறிவிடத்தில் செலுத்தினர். 53 பேருக்கு எலும்பு சேர்ந்தது. சேராத 7 பேருக்கும் செலுத்தப்பட்ட மச்சையில் மூல உயிரணுக்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தது. உயிரணுவும் மருந்தே, அதற்கும் அளவு உண்டு என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.

இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலைப்பகுதி குருதியோட்டம் இழந்து மடிவது மற்றொரு நோய். நெடுங்கால ஸ்டீராய்டு மருந்தும் மதுவும் அரிவாள் வடிவக் குருதியணு நோயும் இதற்குரிய காரணங்களுட் சில. எலும்பில் துளையிட்டு அழுத்தத்தைக் குறைத்து, அவ்வழியே எலும்பாக்கணுக்களையோ செறிவூட்டிய மச்சையையோ செலுத்துவது இதற்கான உயிரணு மருத்துவம். நோயாளியின் மச்சையிலிருந்து வளர்த்த எலும்பாக்கணு மருந்தும் 2017இல் இந்தியாவில் ஒப்புதல் பெற்றது. தலைப்பகுதி உருக்குலைவதற்கு முன்னரே இது பயன் தரும். உட்குழிந்து நொறுங்கிய எலும்பை உயிரணு நிமிர்த்தாது.

தமிழகத்தில் இத்துறைக்கு வேலூர் முதன்மையான களம். கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் வளாகத்தில், நடுவணரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவில் மூல உயிரணு ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. குழந்தைகளின் வளர்தகடு சேதமுற்றுக் கால் வளைந்தோ குட்டையாகியோ போகும் நிலையில், வளர்த்த குருத்தெலும்பணுக்களை அங்கு இடும் முயற்சிகள் வேலூரில் மேற்கொள்ளப்பட்டுள்ளன. எலும்பு எளிதில் முறியும் பிறவிநோய்க்கான மூல உயிரணு ஆய்விலும் அக்கல்லூரி சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்துடன் இணைந்துள்ளது.

முழங்கால் தேய்வு: கட்டுமானமா, தணிப்பா?

பெரியம்மாவின் வினா இப்பகுதியைச் சார்ந்தது. தேய்வு நோயில் ஒரு பள்ளம் மட்டும் இருப்பதில்லை. குருத்தெலும்பு பரவலாக மெலிகிறது, அடியெலும்பு இறுகுகிறது, ஓரங்களில் முள் போன்ற எலும்பு முளைக்கிறது, மூட்டு உறை அழற்சியுறுகிறது, வட்டும் சிதைகிறது. எக்ஸ்ரே படத்தைக் கொண்டு இதனை நான்கு படிநிலைகளாக வகுப்பர். கெல்கிரன், லாரன்ஸ் ஆகிய இருவர் 1957இல் அமைத்த வகைப்பாடு அது. நான்காம் படியில் எலும்போடு எலும்பு உரசும்.

பெங்களூரின் ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம், கொடையாளர்களின் மச்சையிலிருந்து வளர்த்த மூல உயிரணுக்களால் ஆன மருந்தை உருவாக்கியது. இந்தியாவில் நடந்த அதன் மூன்றாம் கட்ட ஆய்வில், இரண்டாம், மூன்றாம் படிநிலைகளைச் சேர்ந்த 146 நோயாளிகள் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் 2.5 கோடி உயிரணுக்களை ஒரே ஊசியாகப் பெற்றனர். மறு பிரிவினர் உயிரணு இல்லாத ஊசியைப் பெற்றனர். இரு பிரிவினருக்கும் ஹயலுரானிக் அமிலமும் தரப்பட்டது. ஓராண்டு முடிவில் உயிரணு பெற்றோரிடம் வலியும் விறைப்பும் கூடுதலாகக் குறைந்திருந்தன. காந்த அதிர்வுப் படத்தில், உயிரணு பெறாதோரின் குருத்தெலும்புத் தரம் மேலும் சரிய, பெற்றோரிடம் அச்சரிவு காணப்படவில்லை. குருத்தெலும்பின் கன அளவு குறிப்பிடத்தக்கவாறு கூடவும் இல்லை. 2022இல் இம்மருந்து இந்திய ஒப்புதல் பெற்றது. இச்சான்று காட்டுவது வலித் தணிப்பையும் தேய்வின் வேகத் தடையையும் ஆகும். புதிய குருத்தெலும்பு வளர்ந்தது என்பதை இது காட்டவில்லை.

அமெரிக்காவில் 475 பேரிடம் நடத்தி 2023இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதனினும் கண்டிப்பான ஒப்பீட்டைச் செய்தது. மச்சைச் செறிவு, கொழுப்புத் திசு உயிரணுக்கள், தொப்புள்கொடி மூல உயிரணுக்கள் ஆகிய மூன்றும் வழக்கமான ஸ்டீராய்டு ஊசியுடன் ஒப்பிடப்பட்டன. ஓராண்டு முடிவில் மூன்றில் எதுவும் ஸ்டீராய்டு ஊசியை விட மேலான வலித் தணிப்பைத் தரவில்லை. இரு ஆய்வுகளிலும் உயிரணுவின் மூலம், தயாரிப்பு முறை, ஒப்பிடப்பட்ட மருந்து ஆகியன வேறு. ஆகவே ஒன்றை மற்றொன்று மறுத்துவிட்டதாகக் கொள்ள இயலாது. எனினும் இத்துறையின் சான்று இன்னும் உறுதிப்படவில்லை என்பது புலனாகிறது.

மூட்டில் செலுத்திய மூல உயிரணுக்கள் நெடுங்காலம் அங்கேயே தங்கிக் குருத்தெலும்பாக மாறுவதில்லை. அவை சுரக்கும் பொருள்களே அழற்சியைத் தணிக்கின்றன என்பது இன்று பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். 'மூல உயிரணு' என்னும் பெயரைப் பரப்பிய கேப்லனே 2017இல் அப்பெயரை மாற்ற வேண்டும் என எழுதினார். அப்பெயர் நோயாளிகளுக்குத் தவறான நம்பிக்கை அளிக்கிறது என்பது அவர் கருத்து.

இந்தியாவில் சட்டநெறி

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2007இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின் தலைப்பில் 'ஆராய்ச்சி', 'சிகிச்சை' என்னும் இரு சொற்களும் இருந்தன. 2013இல் திருத்தியபோது 'சிகிச்சை' என்னும் சொல் நீக்கப்பட்டது. நிறுவப்படாத ஒன்றைச் சிகிச்சை என அழைக்கலாகாது என்பதே அந்நீக்கத்தின் பொருள். 2017இன் நெறிகளும் அந்நிலையைத் தொடர்ந்தன. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள், மூல உயிரணுவிலிருந்து பெறப்படும் மருந்துப் பொருளை எக்காலத்தும் 'புதிய மருந்து' எனவே கருதுகின்றன. உரிமம் பெற்ற பொருள், உரிமத்தில் குறித்த நோய்க்கு மட்டும் உரியது. ஏனைய பயன்பாடு முறையாகப் பதிவுபெற்ற ஆய்வின்கண் மட்டுமே நிகழலாம். ஆய்வில் பங்கேற்பவரிடம் அதற்கு விலை பெறுவது அறமன்று.

தட்டணுச் செறிவுக் குருதிநீர் ஊசி இவ்வகையில் சேராது. நோயாளியின் குருதியைச் சுழற்றிப் பிரித்துப் பெறும் அதில் மூல உயிரணு மருந்து எதுவும் இல்லை. இரண்டும் ஒரே பெயரால் பேசப்படும் இடத்தில் நோயாளி விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

நோயாளி கேட்க வேண்டிய வினாக்கள்

மேற்கண்ட செய்திகளிலிருந்து ஐந்து வினாக்களை வகுக்கலாம்.

1. என் மூட்டில் உள்ளது ஓரிடப் பள்ளமா, பரவிய தேய்வா? தேய்வெனில் எந்தப் படிநிலை?

2. செலுத்தப்படுவது எந்த உயிரணு? என்னுடையதா, கொடையாளருடையதா? எங்கு, எவ்வாறு தயாரிக்கப்பட்டது?

3. அதற்கு மருந்து உரிமம் உண்டா? அவ்வுரிமம் என் நோய்க்கும் என் படிநிலைக்கும் உரியதா?

4. ஆய்வெனில், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் அதன் பதிவு எண் யாது? ஆய்வெனில் என்னிடம் பணம் கேட்பது ஏன்?

5. ஓராண்டுக்குப் பின் எதனை எதிர்பார்க்கலாம்: வலிக் குறைவையா, புதிய குருத்தெலும்பையா? அதற்குச் சான்று எது?

இவ்வினாக்களைக் கேட்கப் பெருநகரம் செல்ல வேண்டியதில்லை. காரைக்காலில் அரசு பொது மருத்துவமனையும் ஜிப்மரின் கிளை மருத்துவக் கல்லூரியும் உள்ளன. எக்ஸ்ரே படத்தை எடுத்துச் சென்று எலும்பு மருத்துவர் ஒருவரிடம் முதல் வினாவுக்கு விடை பெறுவதே தொடக்கம்.

முடிவுரை

எலும்பில் தடைப்பட்ட ஆற்றலைத் தூண்டவும், எல்லையுடைய குருத்தெலும்புப் பள்ளத்தில் புதுத் திசுவைக் கட்டவும் உயிரணு மருத்துவம் பயன்படுகிறது. பரவிய தேய்வில், இதுவரை கிடைத்த சான்றின்படி அது தணிப்பு மருத்துவமே. உயிரணு, அளவு, தாங்குபொருள், நோயின் படிநிலை ஆகிய நான்கும் பொருந்துமிடத்தில் பயன் விளைகிறது. பொருந்தாதவிடத்தில் செலவு மட்டுமே எஞ்சுகிறது.

பெரியம்மாவின் எக்ஸ்ரே படம் நான்காம் படிநிலையைக் காட்டியது. உரிமம் பெற்ற மருந்தின் ஆய்வில் அப்படிநிலையினர் சேர்க்கப்பட்டதே இல்லை. துண்டறிக்கையில் படிநிலை பற்றி ஒரு சொல்லும் இல்லை. இதனை விளக்கியபோது அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், "அப்ப சங்கிலி கழுத்துலயே இருக்கட்டும்" என்றார். தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் கைத்தடியும் இப்போது அவருக்கு ஓரளவு உதவுகின்றன. மூட்டு மாற்று அறுவை பற்றி அரசு மருத்துவமனையில் கலந்து வருகிறார். புதிய குருத்தெலும்பு வளரும் நாள் வரலாம். அதுவரை, எது வளரும் எது வளராது என்பதை நோயாளியின் மொழியிலேயே எடுத்துரைப்பது ஆய்வாளரின் கடமையாகும்.